வீட்டு வாசலில் இருக்கும் மீட்டருக்குத் தெருக்குழாயின் கசிவு தெரியுமா?

ஏறத்தாழ 1,500 வீட்டு இணைப்புகள் உள்ள ஒரு பகுதியில் பழைய மீட்டர்களைக் கழற்றிவிட்டு நகராட்சி டிஜிட்டல் மீட்டர் மாட்டப் போகிறது. விற்பவர் "கசிவையும் இதுவே காட்டிக்கொடுத்துவிடும்" என்கிறார். இது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: வாசலில் உட்கார்ந்திருக்கும் மீட்டருக்கு, தெருவுக்கு அடியில் ஓடும் பிரதான குழாயில் விழுந்த ஓட்டை எப்படித் தெரியும்? நேரடியாகத் தெரியவே தெரியாது. மீட்டர் தன் வழியே போகும் நீரை மட்டும்தான் எண்ணும். பிரதான குழாயிலோ, அதிலிருந்து வீட்டுக்குப் பிரியும் இணைப்புக் குழாயிலோ ஒழுகும் நீர் எந்த மீட்டரையும் தொடாமல் மண்ணுக்குள் இறங்கிவிடும். ஆனாலும் விற்பவர் சொல்வதை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. ஒரு பகுதிக்குள் நுழைந்த நீர் எவ்வளவு, அதில் வீடுகள் வாங்கிக்கொண்டது எவ்வளவு என்று மணிக்கு மணி கழித்துப் பார்க்க இந்த மீட்டர்கள் வழி செய்கின்றன. கசிவு அந்தக் கழித்தலின் மிச்சத்தில் இருக்கிறது. கழித்தல் சரியாக வர வேண்டுமானால் வீட்டு மீட்டரைத் தவிர வேறு நான்கைந்து விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். விளம்பரத் தாளில் அவை இருக்காது.

மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் இருக்கும் கசிவு வேறு கதை. அதில் டிஜிட்டல் மீட்டர் சொல்வதைத் தாராளமாக நம்பலாம். ஆள் குடியிருக்கும் தனி வீட்டில் நாளின் 24 மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது ஓட்டம் பூஜ்ஜியத்துக்கு வந்தே தீரும். தொடர்ந்து மூன்று நாள் ஒரு மணி நேரம்கூடப் பூஜ்ஜியத்தைத் தொடவில்லை என்றால் கழிப்பறைத் தொட்டியின் வால்வு மூடவில்லை, அல்லது மிதவை வால்வு தேய்ந்துவிட்டது, அல்லது மீட்டருக்கும் வீட்டுக்கும் நடுவே மண்ணுக்குள் குழாய் உடைந்திருக்கிறது. இந்தச் சோதனைக்குப் பெரிய மென்பொருள் எதுவும் தேவையில்லை. மணிவாரி எண்களும் ஒரு எளிய வடிகட்டலும் போதும். அடுக்குமாடிக்கு ஒரே மீட்டர் இருந்தால் மட்டும் இது பலிக்காது. அங்கே இரவிலும் யாராவது ஒருவர் குழாயைத் திறந்துகொண்டே இருப்பார். பூஜ்ஜியத்தைத் தேடாமல், வாரத்தின் மிகக் குறைந்த மணிநேர அளவு மெல்ல ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இதிலும் மீட்டர் எத்தனை லிட்டருக்கு ஒரு முறை எண்ணுகிறது என்பது முக்கியம். பத்து லிட்டருக்கு ஒரு பல்ஸ் (ஒரு மின்துடிப்பு) தரும் மீட்டரில், மணிக்கு 5 லிட்டர் ஒழுகும் வால்வு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு பல்ஸ்தான் தரும். நடுவில் உள்ள மணி நேரங்கள் பூஜ்ஜியமாகத் தெரியும்; கசிவே இல்லை என்று கணினி சொல்லிவிடும். ஒரு லிட்டர் அல்லது அதைவிட நுணுக்கமான அளவீடு கேளுங்கள். இன்னொன்று, "டிஜிட்டல்" என்ற சொல்லே ஒரு மயக்கம். சந்தையில் அந்தப் பெயரில் விற்கும் பல மீட்டர்களின் உள்ளே பழைய சக்கரம்தான் சுழல்கிறது. மேலே திரையும் ரேடியோவும் சேர்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். மெல்லிய ஓட்டத்தில் சக்கரம் நகராவிட்டால், திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் எண் ஏறாது.

எவ்வளவு மெல்லிய ஓட்டம் வரை நம்பலாம் என்பதை மீட்டரின் முகப்பே சொல்லிவிடும். ஐஎஸ்ஓ 4064 தரத்தின்படி க்யூ3 என்பது மீட்டர் தொடர்ந்து தாங்கும் ஓட்டம். க்யூ1 என்பது அது உறுதியுடன் அளக்கும் மிகக் குறைந்த ஓட்டம். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது ஆர் எண். க்யூ3 மணிக்கு 2.5 கன மீட்டர் உள்ள சாதாரண வீட்டு மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர் 80 என்றால் க்யூ1 மணிக்கு 31 லிட்டர். ஆர் 160 என்றால் 15.6 லிட்டர். சக்கரம் இல்லாமல் மீயொலியால் அளக்கும் அல்ட்ராசோனிக் மீட்டர்களில் கிடைக்கும் ஆர் 400 என்றால் 6.25 லிட்டர். இரண்டாம் வகுப்பு மீட்டருக்கு க்யூ1-இலிருந்து அதன் 1.6 மடங்கு வரை கூட்டியோ குறைத்தோ 5 சதவீதமும், அதற்கு மேல் 2 சதவீதமும் பிழை அனுமதி. க்யூ1-க்குக் கீழே எந்த உத்தரவாதமும் கிடையாது. சக்கர மீட்டரைப் படுக்கைவாட்டில் மட்டும் மாட்டும்போதுதான் பெரும்பாலும் அந்த ஆர் எண் செல்லும். குழி குறுகல் என்று பிட்டர் சாய்த்து மாட்டிவிட்டால் ஆர் 160 மீட்டர் ஆர் 160 ஆக இருக்காது. பொருத்தும் வேலையை மேற்பார்வையிடாமல் நல்ல மீட்டர் வாங்குவதில் பாதிப் பயன் போய்விடும்.

இனி நீங்கள் உண்மையில் கேட்ட தெருக்குழாய்க் கசிவு. இதற்கு அடிப்படை மண்டலப் பிரிப்பு. ஆங்கிலத்தில் டிஸ்ட்ரிக்ட் மீட்டர்டு ஏரியா, சுருக்கமாக டிஎம்ஏ என்பார்கள். குழாய் வலையை வால்வுகளால் அடைத்து, பொதுவாக 500 முதல் 3,000 இணைப்புகள் கொண்ட துண்டுகளாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் நீர் ஒரே வழியாக, கூடிப்போனால் இரண்டு வழியாக, மீட்டர் வைத்து நுழையும்படி செய்வது. பிரிட்டனில் 1980-இல் வந்த கசிவுக் கட்டுப்பாட்டு அறிக்கைக்குப் பிறகு பரவிய பழைய முறைதான் இது. உங்கள் 1,500 இணைப்பு இதற்கு அளவெடுத்தது போன்ற எண்ணிக்கை. மண்டலம் அடைபடாமல் இருந்தால் வீட்டு மீட்டர் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் கழிப்பதற்கு எண் இருக்காது.

நுழைவாயில் மீட்டரில் சிக்கனம் பார்க்கக் கூடாது. 1,500 வீட்டு மீட்டர்களில் ஒன்று பிசகினால் கணக்கு அசையாது. இது ஒன்று பிசகினால் எல்லாம் போயிற்று. மின்காந்த ஓட்டமானி இங்கே வழக்கம். அதன் முன்னே குழாய் விட்டத்தைப் போல ஐந்து மடங்கு, பின்னே இரண்டு மூன்று மடங்கு நீளம் நேர்க்குழாய் வேண்டும். வளைவையும் வால்வையும் ஒட்டி மாட்டினால் எண் பிசகும். குழாய் எப்போதும் நிறைந்து ஓடும் தாழ்வான இடத்தில் இருக்க வேண்டும். குழாயின் விட்டத்தைப் பார்த்து மீட்டர் வாங்குவது அடிக்கடி நடக்கும் தவறு. இரவு ஓட்டத்தைப் பார்த்து வாங்க வேண்டும். மணிக்கு 14 கன மீட்டர் ஓட்டம் 150 மில்லிமீட்டர் மீட்டரில் நொடிக்கு 0.22 மீட்டர் வேகத்தில் ஊர்ந்து போகும். குறுக்கிக் கொடுத்து 100 மில்லிமீட்டர் மீட்டர் வைத்தால் அதே ஓட்டம் 0.5 மீட்டர் வேகம் பெறும், அளவீடு உறுதிப்படும்.

மாட்டியதும் அதைச் சோதிக்க எளிய வழி மேல்நிலைத் தொட்டி. தொட்டிக்கு வரும் நீரை நிறுத்திவிட்டு, மட்டம் இறங்குவதை அளந்து, மீட்டர் காட்டும் அளவோடு ஒப்பிட வேண்டும். 12 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியின் பரப்பு 113 சதுர மீட்டர்; மட்டம் ஒரு சென்டிமீட்டர் இறங்கினால் 1.13 கன மீட்டர். நான்கு மணி நேரத்தில் 160 கன மீட்டர் போனால் மட்டம் 1.4 மீட்டர் இறங்கும். அளவுகோலில் ஒரு சென்டிமீட்டர் தவறினாலும் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழேதான். தொட்டியே ஒழுகுகிறதா என்று வெளியேறும் வால்வையும் மூடி ஓர் இரவு பார்த்துவிடுவது நல்லது.

மண்டலம் உண்மையில் அடைபட்டிருக்கிறதா என்பதை வரைபடம் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இரவு ஒரு மணிக்கு மேல், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, எல்லை வால்வுகள் அனைத்தையும் மூடி, நுழைவாயிலையும் மூடி, உள்ளே இரண்டு மூன்று இடங்களில் அழுத்தமானியைப் பாருங்கள். அழுத்தம் பூஜ்ஜியத்தை நோக்கி இறங்க வேண்டும். (அழுத்தத்தை, அது நீரை எத்தனை மீட்டர் உயரத்துக்கு ஏற்றும் என்ற கணக்கில் சொல்வது வழக்கம்.) இறங்காமல் 8 மீட்டரிலோ 10 மீட்டரிலோ நின்றுவிட்டால், ஏதோ ஒரு வால்வு முழுதாக மூடவில்லை, அல்லது வரைபடத்தில் இல்லாத குழாய் ஒன்று பக்கத்துப் பகுதியோடு சேர்ந்திருக்கிறது. பழைய வலைகளில் இரண்டாவது சாதாரணம். அழுத்தம் இல்லாத குழாய்க்குள் வெளி அழுக்கு நுழைய இடம் உண்டு என்பதால் சோதனையைச் சுருக்கமாக முடித்து, கடைசி முனையைத் திறந்து கழுவிவிட வேண்டும்.

இப்போது கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. 1,500 இணைப்பு, 12 கிலோமீட்டர் பிரதான குழாய், சராசரி அழுத்தம் 35 மீட்டர், 24 மணி நேர வினியோகம். நாள் முழுக்க உள்ளே போனது 990 கன மீட்டர், வீட்டு மீட்டர்களின் கூட்டல் 750, வித்தியாசம் 240. இந்த 240-ஐக் கசிவு என்று எழுதிவிடத் தோன்றும். அதற்குள் திருட்டு இணைப்பு, மீட்டர் குறைவாகக் காட்டுவது, குழாய் கழுவியது, தீயணைப்புக்கு எடுத்தது எல்லாம் கலந்திருக்கிறது. நுழைவாயிலில் 2 சதவீதம் பிழை என்றால் 20 கன மீட்டர், வீட்டுக் கூட்டலில் 2 சதவீதம் என்றால் 15. இரண்டு பிழையும் முழுதாக ஒன்றோடொன்று சேர்வது அரிது என்பதால் நேராகக் கூட்டாமல் வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால், வித்தியாசத்தின் மீது 25 கன மீட்டர் அளவுக்குச் சந்தேகம் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அதனால்தான் அதிகாலை இரண்டு முதல் நான்கு மணி வரையிலான ஓட்டத்தைப் பார்ப்பது. ஊர் தூங்கும், குழாய் தூங்காது. அந்த நேரத்தில் நுழைவாயிலில் மணிக்கு 14 கன மீட்டர். அதே மணியில் வீட்டு மீட்டர்களின் கூட்டல் 3.5. மிச்சம் 10.5. வீடுகள் குறைவாகவே எடுக்கும் நேரம் என்பதால் அவற்றின் மீட்டர் பிழை இந்த மிச்சத்தைப் பெரிதாகக் கலைக்காது, 3.5-இல் பத்து சதவீதம் தவறினாலும் 0.35தான். டிஜிட்டல் மீட்டரின் மெய்யான பயன் இங்கேதான் இருக்கிறது. முன்பெல்லாம் அந்த 3.5 என்பது ஊகம். ஒரு வீட்டுக்கு இரவில் மணிக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு எண்ணை வைத்துப் பெருக்குவார்கள். மருத்துவமனை, விடுதி, இரவில் தொட்டி நிரப்பும் வீடுகள் அந்த ஊகத்தைக் கவிழ்த்துவிடும். இப்போது அது அளந்த எண்.

10.5-ஐ 24-ஆல் பெருக்கி நாள் கசிவு என்று எழுதுவது பரவலான பிழை. இரவில் ஊர் நீர் எடுக்காததால் அழுத்தம் ஏறும். ஏறினால் கசிவும் ஏறும். இரவு அழுத்தம் 45 மீட்டர், நாள் சராசரி 35 என்றால், கசிவு அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் மாறுவதாகக் கொண்டு 24-க்குப் பதில் 18.7-ஆல் பெருக்க வேண்டும். வருவது 196 கன மீட்டர். அந்த நேர்விகிதமும் ஒரு சராசரிதான். இரும்புக் குழாயில் விழுந்த வட்ட ஓட்டையில் ஓட்டம் அழுத்தத்தின் 0.5 அடுக்குப்படி மாறும். பிளாஸ்டிக் குழாயில் நீளவாக்கில் கிழிந்த பிளவு அழுத்தம் ஏற ஏற வாயைத் திறக்கும் என்பதால் அடுக்கு 1.5 வரை போகும். ஜான் மே 1994-இல் முன்வைத்த கருத்து இது. உங்கள் வலையில் இரும்பு மிகுதி என்றால் விடை 222-ஐ நெருங்கும், பிளாஸ்டிக் மிகுதி என்றால் 173-ஐ. ஆகவே நாளைக்கு 170 முதல் 220 வரை கசிகிறது என்று சொல்வது நேர்மையான பதில், "196.3" என்று திரையில் தசமத்தோடு தெரிந்தால் அந்தத் தசமத்தைப் பொருட்படுத்தாதீர்கள். 240-இல் இதைக் கழித்த மிச்சம்தான் திருட்டும் மீட்டர் குறையும். அது இருக்கிறது என்பது மட்டும் ஓரளவு தெரியும், எவ்வளவு என்பது இந்தக் கணக்கில் தேறாது.

இந்த 196 முழுவதையும் நிறுத்திவிட முடியுமா? முடியாது. மூட்டுகளில், பொருத்திகளில் கசியும் மிகச் சிறிய ஒழுகல்களை எந்தக் கருவியும் கேட்காது. ஆலன் லாம்பர்ட்டும் கூட்டாளிகளும் 1999-இல் தந்த வாய்பாடு ஒன்று இதற்கு உதவும்: பிரதான குழாய் கிலோமீட்டருக்கு 18, இணைப்புக்கு 0.8, இரண்டையும் கூட்டி அழுத்தத்தால் பெருக்கினால், தவிர்க்க முடியாத கசிவு நாளைக்கு எத்தனை லிட்டர் என்று வரும். மனை எல்லையிலிருந்து மீட்டர் உள்ளே தள்ளி இருந்தால் அந்தக் குழாய் நீளத்துக்குக் கிலோமீட்டருக்கு 25 சேர்க்க வேண்டும். உங்கள் மீட்டர்கள் எல்லையிலேயே இருப்பதாகக் கொண்டால் 12 கிலோமீட்டருக்கு 216, இணைப்புகளுக்கு 1,200, மொத்தம் 1,416. 35-ஆல் பெருக்க ஏறத்தாழ 50 கன மீட்டர். இருக்கும் கசிவு அதன் நான்கு மடங்கு. தேடினால் கிடைக்கும் என்று பொருள். ஒன்றரை மடங்காக இருந்திருந்தால் ஆட்களை அங்கே அனுப்புவதைவிட வேறு மண்டலத்துக்கு அனுப்புவேன்.

வித்தியாசத்தை மணிவாரியாக வரைந்து பார்த்தால் இன்னொன்றும் கிடைக்கும். கசிவு அழுத்தத்தைப் பின்தொடரும்: இரவில் ஏறும், காலையில் எல்லோரும் குழாயைத் திறக்கும்போது இறங்கும். திருட்டு மனிதரைப் பின்தொடரும்: காலையிலும் மாலையிலும் ஏறும், இரவில் அடங்கும். வீட்டு மீட்டர்கள் குறைவாகக் காட்டுவது பயன்பாட்டோடு சேர்ந்தே ஏறி இறங்கும். மூன்றும் கலந்த கோடு ஒன்றாகத் தெரிந்தாலும், அழுத்தப் பதிவு கையில் இருந்தால் கசிவை மற்ற இரண்டிலிருந்து பிரித்துவிடலாம். மற்ற இரண்டையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது கடினம். இரண்டுமே காலையில் ஏறுகின்றன. தொட்டியை இரவில் நிரப்பும் திருட்டு இணைப்பு இந்த முறையையே ஏமாற்றிவிடும். கசிவு என்று நம்பித் தேடப் போனவர்கள் கடைசியில் மோட்டாரில் போய் நிற்பார்கள்.

அளவைவிட மாற்றத்தை நம்புங்கள் என்பதுதான் இதில் நான் அழுத்திச் சொல்வது. மீட்டர்களின் பிழை நேற்றும் இன்றும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். அதனால் இரவு மிச்சம் 10.5 என்பதில் சந்தேகம் இருந்தாலும், அது 11.7 ஆனது என்பதில் சந்தேகம் குறைவு. 40 மீட்டர் அழுத்தத்தில் 5 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று நொடிக்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர், மணிக்கு 1.2 கன மீட்டர் கொட்டும். நுழைவாயில் மீட்டர் மட்டும் இருந்தால், இந்த ஏற்றம் புதிய கசிவா, யாராவது தோட்டத்துக்கு நீர் விட்டார்களா என்று தெரியாமல் இரண்டு வாரம் போய்விடும். வீட்டுக் கூட்டல் ஏறாமல் நுழைவாயில் மட்டும் ஏறியிருந்தால் மூன்றாவது இரவே சொல்லிவிடலாம். ஓர் இரவை வைத்து ஆளை எழுப்பாதீர்கள். மூன்று இரவு தொடர்ந்து, வழக்கமான ஏற்ற இறக்கத்தைத் தாண்டியிருந்தால் எழுப்புங்கள். நாட்கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நொடிக்கு 10 லிட்டர் கொட்டும் பெரிய உடைப்பைப் பார்த்து அரை நாளில் சரிசெய்துவிடுவார்கள்; இழப்பு 432 கன மீட்டர். யார் கண்ணிலும் படாத அந்த 5 மில்லிமீட்டர் ஓட்டை ஆறு மாதத்தில் 5,000 கன மீட்டரைத் தாண்டிவிடும்.

தரவில் நேரும் கோளாறுகளைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் விளம்பரமாகிவிடும். எல்லாவற்றிலும் பொதுவானது, வீடு தவறான மண்டலத்தில் பதிவாகியிருப்பது. தெருமுனை வீட்டுக்கு நீர் எந்தத் தெருக் குழாயிலிருந்து வருகிறது என்பது முகவரியில் தெரியாது. 30 வீடு இடம் மாறியிருந்தால் இல்லாத கசிவு ஒன்று உருவாகும், இருப்பது மறையும். எல்லையை ஒட்டிய வீடுகளை நேரில் போய்ச் சரிபார்ப்பதைத் தவிர வழியில்லை. அடுத்தது கடிகாரம். மீட்டருக்குள் இருக்கும் படிகக் கடிகாரம் பத்து லட்சத்தில் 20 பங்கு பிசகினால் நாளைக்கு 1.7 நொடி, ஆண்டுக்குப் பத்து நிமிடம். நெட்வொர்க் வழியாக நேரத்தைத் திருத்தும் வசதி இல்லையென்றால் சில ஆண்டுகளில் காலை நேரக் கழித்தல் அர்த்தமிழக்கும். மூன்றாவது, மீட்டர் அனுப்புவது பல்ஸ் எண்ணிக்கையா, மீட்டரின் மொத்தக் கணக்கா என்பது. பல்ஸ் தொலைந்தால் தொலைந்ததுதான். மொத்தக் கணக்கை அனுப்பினால் நடுவில் ஒரு நாள் செய்தி வராமல் போனாலும் அடுத்த நாள் எண் வரும்போது மொத்தம் சரியாகிவிடும், மணிவாரி வடிவம் மட்டும் இழப்பு. காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்ச் வகையில் அதிர்வினால் ஒரு பல்ஸ் இரண்டாக எண்ணப்படுவதும் உண்டு, வெளியிலிருந்து காந்தம் வைத்து நிறுத்துவதும் உண்டு.

எண்ணை ரேடியோவில் அனுப்பும் முறை லோராவானோ, என்பி-ஐஓடியோ, எதுவாயினும் குழிக்குள் இரும்பு மூடிக்கு அடியில் இருக்கும் மீட்டரின் குரல் வெளியே வரத் திணறும். மழைநீர் நிறைந்த குழி அதைவிட மோசம். நூற்றுக்கு இரண்டு மீட்டர் பேசாமல் இருந்தால் பக்கத்து வீடுகளின் சராசரியை வைத்துச் சமாளிக்கலாம். பத்து பேசாமல் இருந்தால் இரவு மிச்சம் கசிவா, பேசாத மீட்டரா என்று சொல்ல முடியாது. மணிக்கு ஒரு அளவைப் பதிந்து நாளைக்கு ஒரு முறை மொத்தமாக அனுப்பினால் லித்தியம் பேட்டரி பத்து ஆண்டை எட்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பச் சொன்னால் எட்டாது. பெரிய நுகர்வோருக்கும் நுழைவாயிலுக்கும் மட்டும் 15 நிமிட அளவு வைத்தால் போதும்.

இவ்வளவும் 24 மணி நேர வினியோகத்துக்கு. நாளைக்கு இரண்டு மணி நேரமோ, இரண்டு நாளைக்கு ஒரு முறையோ நீர் விடும் ஊரில் இரவுக் குறைந்தபட்ச ஓட்டம் என்று ஒன்றே கிடையாது. நீர் திறந்ததும் முதலில் குழாயில் இருக்கும் காற்று ஓடும். சக்கர மீட்டர் காற்றுக்கும் சுழன்று எண்ணும், அல்ட்ராசோனிக் மீட்டர் குழாய் காலி என்று எச்சரிக்கை தந்துவிட்டு எண்ணாமல் இருக்கும். பிறகு எல்லாத் தரைத் தொட்டிகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறக்கும். மேலே சொன்ன லாம்பர்ட் வாய்பாட்டையும் அங்கே பயன்படுத்தக் கூடாது. செய்யக்கூடியது, வினியோகத்தின் கடைசி அரை மணியைப் பார்ப்பது: அதற்குள் பெரும்பாலான தொட்டிகள் நிறைந்து மிதவை வால்வுகள் மூடியிருக்கும். வினியோக நேரத்தை ஒரு நாள் மட்டும் ஒரு மணி நேரம் கூட்டி விட்டு, 5 நிமிட அளவுகளில் நுழைவாயிலையும் வீட்டுக் கூட்டலையும் கழித்தால் கசிவு ஓரளவு துலங்கும். ஆனால் மூடிவரும் மிதவை வால்வில் நீர் நூலாக இறங்கும்போது ஆர் 80 சக்கரம் அதைப் பார்க்காது, அது கசிவோடு சேர்ந்துகொள்ளும். இப்படிப்பட்ட ஊரில் நீர் நின்றபின் பின்னோட்ட எச்சரிக்கை எந்தெந்த வீட்டு மீட்டர்களில் வருகிறது என்றும் பாருங்கள். குழாய் காலியாகி உள்ளிழுக்கிறது என்பதற்கு அது அடையாளம். அங்கே கசிவு வழியாகவே சாக்கடை நீர் உள்ளே போகலாம், உடனடியாகக் கவனிக்க வேண்டியது அதுதான்.

மண்டலத்தில் கசிவு இருக்கிறது என்று தெரிந்த பிறகு இடத்தைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. இரவில் உள் வால்வுகளை ஒவ்வொன்றாக மூடி நுழைவாயில் ஓட்டம் எப்போது படியிறங்குகிறது என்று பார்த்தால் தெரு தெரியும். பிறகு காதால் கேட்கும் வேலை: வால்விலும் இணைப்பிலும் கேட்புக்கோல், இரண்டு முனைகளில் கோரிலேட்டர். கோரிலேட்டர் ஒலி இரண்டு முனைக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை அளக்கிறது. வித்தியாசத்தை ஒலி வேகத்தால் பெருக்கி, முனைகளுக்கு இடையிலான தூரத்தில் கழித்துப் பாதியாக்கினால், முதலில் ஒலி கேட்ட முனையிலிருந்து தூரம் வரும். 120 மீட்டர் வார்ப்பிரும்புக் குழாய், வேகம் நொடிக்கு 1,250 மீட்டர், வித்தியாசம் 0.032 நொடி என்றால் 40 மீட்டர். வேகத்தை 1,000 என்று தவறாகக் கொடுத்தால் 44. நான்கு மீட்டர் தள்ளித் தோண்டுவீர்கள். நடுவில் பத்து மீட்டரைப் பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டு யாரும் பதிவேட்டில் எழுதாமல் விட்டிருந்தால் பிழை இன்னும் கூடும். பிளாஸ்டிக்கில் ஒலி விரைவில் மங்கிவிடும் என்பதால் முனைகளை நெருக்கி வைக்க வேண்டும். அதுவும் பலிக்காவிட்டால் ஹைட்ரஜன் 5, நைட்ரஜன் 95 சதவீதம் கலந்த வாயுவைக் குழாயில் விட்டு மேலே மோப்பக் கருவியால் தேடுவார்கள். வீட்டு மீட்டரிலேயே ஒலி கேட்கும் வகையும் வந்திருக்கிறது. டென்மார்க்கின் காம்ஸ்ட்ரப் நிறுவனத்தின் ஃப்ளோஐக்யூ 2200 அப்படிப்பட்டது. உங்கள் விற்பவர் இந்த வகையைச் சொல்லியிருந்தால் அவர் பேச்சில் பொருள் இருக்கிறது. இதிலும் இணைப்புக் குழாயின் கசிவு நன்றாகத் தெரியும். பிரதான குழாயின் கசிவு உலோகக் குழாயாக இருந்து அருகிலும் இருந்தால் தெரியும்.

கசிவை அடைத்த மறுநாள் இரவு மிச்சத்தைப் பாருங்கள். எதிர்பார்த்த அளவு இறங்கவில்லை என்றால் இன்னொரு ஓட்டை இருக்கிறது, அல்லது அடைத்ததால் அழுத்தம் ஏறிப் பழைய சிறு கசிவுகள் பெருத்திருக்கின்றன. இரவு அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்றை நுழைவாயிலில் சேர்த்துவைத்தால் அடைத்தது நிலைக்கும். பல மண்டலங்களில் எந்த மீட்டரையும்விட விரைவாகக் கசிவைக் குறைப்பது அந்த ஒரு வால்வுதான்.

ஒப்பந்தத்துக்கு முன் நகராட்சியிடம் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு. மீட்டர் மாற்றுவது எந்த வரிசையில்? புகார் வந்த வீடு, பழுதான வீடு என்று ஊர் முழுக்கச் சிதறி மாற்றினால் கடைசி வீடு முடியும் வரை எந்த மண்டலத்திலும் கழித்தல் நடக்காது. நுழைவாயில் மீட்டரும் எல்லை வால்வும் முதலில், பிறகு ஒரு மண்டலத்தை முழுதாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். இரண்டாவது, மணிவாரி மூல எண்கள் யார் கையில் இருக்கும்? மாதாந்திர அறிக்கையும் வண்ணத் திரையும் மட்டும் தருவதாக ஒப்பந்தம் இருந்தால், மேலே சொன்ன எந்தக் கணக்கையும் நகராட்சிப் பொறியாளர் தானாகப் போட்டுப் பார்க்க முடியாது. ஒவ்வொரு மீட்டரின் மொத்தக் கணக்கு, நேரமுத்திரை, எச்சரிக்கைக் குறி மூன்றும் யாரும் திறக்கக்கூடிய கோப்பாகத் தினமும் நகராட்சிக்கு வந்து சேர வேண்டும் என்று எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள்.